கொலுவுக்கு ஒரு மாம்பழம்: பக்கவாதத்திற்குப் பிந்தைய கைப்பயிற்சி

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் பரண்மேல் உள்ள பொம்மைப் பெட்டிகள் கீழே இறங்கும். கொலுப்படியில் அமரும் பொம்மைகளுள் பல மண்ணால் ஆனவை. எடை குறைந்தவை பெரும்பாலும் காகிதக்கூழால் ஆனவை. காஞ்சிபுரத்துப் பொம்மைகளிலும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளிலும் இக்கூழின் பங்கு உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. முறத்தின் இடுக்குகளை அடைக்கக் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து மெழுகிய பாட்டிமார் நம் ஊர்களிலும் இருந்தனர்.

பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்களுக்கு இக்கைவினை எவ்வாறு பயன்படும் என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

கை ஏன் பழக்கம் இழக்கிறது?

பக்கவாதத்தில் பழுதுபடுவது கை அன்று; கையை இயக்கும் மூளைப்பகுதி. அப்பகுதியின் பணியை அருகிலுள்ள நரம்பணுக்கள் ஓரளவு ஏற்றுக்கொள்ள இயலும். அதற்கு அவற்றிற்குத் தேவையானது, பொருளுள்ள ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சி. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இம்முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன்பின் வேகம் குறையுமேயன்றி, முயற்சி வீணாவதில்லை.

ஆனால் வீடு திரும்பியபின் நடப்பது வேறு. நல்ல கையே எல்லா வேலைகளையும் செய்துவிடுகிறது. எஞ்சியதை “விடுங்கப்பா, நான் செய்கிறேன்” என்று மகனோ மகளோ செய்துவிடுகின்றனர். அன்பினால் செய்யப்படும் இவ்வுதவியால், ஓரளவு அசையக்கூடிய கையும் மடியிலேயே கிடந்து, இருக்கும் ஆற்றலையும் பயன்படுத்த மறந்துவிடுகிறது. புறநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி காணும் நிலை இது. பந்தை நூறுமுறை அமுக்கச் சொன்னால் இரண்டாம் நாளே சலிப்புறுபவர், கொலுவில் வைக்கத்தக்க ஒரு பொருள் உருவாகிறது என்றால் நாள்தோறும் அமர்ந்து செய்வார். செட்டியார் பொம்மையின் கடையில் பரப்பிவைக்கும் காய்கனிகள் இதற்கு ஏற்றவை. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை வடிவம், தளர்ந்த விரல்களுக்கு எளிது. சேலத்தில் வாழும் நாம் மாம்பழத்திலிருந்தே தொடங்கலாம்.

தேவையானவை

பழைய செய்தித்தாள் ஐந்து தாள்கள், வெள்ளைக் காகிதம் சில, நூல், மரவள்ளி மாவு மூன்று மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, நீரில் கரையும் வண்ணங்கள், சற்றுத் தடித்த தூரிகை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளில் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் மாவே நல்ல பசையாகும். மாவு கிடைக்காவிடில், பருத்திச் சேலைக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

செய்முறையும் கைக்கான பயிற்சியும்

1. கிழித்தல். நான்கு தாள்களைக் கட்டைவிரல் நக அளவுத் துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். கத்தரிக்கோல் வேண்டா. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பற்றும் செயலே சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசைந்து உண்ணவும் தேவைப்படுவது. விரல் அசைவே இல்லாதவர், தளர்ந்த கையைத் தாளின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, நல்ல கையால் கிழிக்கலாம். அதுவும் பயிற்சியே.

2. ஊறவைத்தல். கிழித்தவற்றையும் வெந்தயத்தையும் தனித்தனியே ஓரிரவு நீரில் ஊறவைக்கவும். மறுநாள் இரண்டையும் ஒன்றாக அரைத்துக்கொள்ளவும். அரைக்கும் வேலை வீட்டாருடையது.

3. பிழிதல். கூழைக் கைப்பிடியளவு எடுத்து நீரைப் பிழிய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கவாதத்திற்குப்பின் பலருக்குக் கை மூடுவதைவிடத் திறப்பதே கடினம். ஆகவே ஒவ்வொரு முறை பிழிந்தபின்னும் விரல்களை முழுதும் விரித்து, உள்ளங்கையை மேசைமேல் பதித்து, ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கவும். விரல்கள் இறுகி மூடிக்கொள்பவர் பிழிவதைத் தவிர்த்து, விரித்த கையால் கூழைத் தட்டில் பரப்பி அழுத்தி நீரை வடிக்கலாம்.

4. பசை சேர்த்தல். மாவை அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் நீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறவும். இதையும் வீட்டாரே செய்ய வேண்டும். தளர்ந்த கையிலும், நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டோர் கையிலும் சூட்டுணர்வு குறைந்திருக்கக்கூடும். சுட்டது தெரியாமலே கொப்புளம் எழும். முற்றிலும் ஆறியபின், பிழிந்த கூழில் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவின் பதத்தில் பிசையவும். இரு கைகளும் சேர்ந்து இயங்கும் இப்பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

5. உருவாக்குதல். எஞ்சிய ஒரு தாளைக் கசக்கி, நூல் சுற்றி, மாங்காய் வடிவில் இறுக்கிக்கொள்ளவும். அதன்மேல் கூழைக் கால் அங்குலத்திற்கு மிகாமல் பூசி, நீர் தொட்ட உள்ளங்கையால் வழித்து வழவழப்பாக்கவும். கனமாகப் பூசினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

6. உலர்த்தல். புரட்டாசி மழையை நம்ப இயலாது. மின்விசிறிக் காற்றில் இரு நாள்களும், வெயில் கிடைக்கும்போது இரு நாள்களும் வைக்கவும். உலர்ந்தபின் வெள்ளைக் காகிதத் துணுக்குகளைப் பசை தொட்டு மேலே ஒட்டினால் மேற்பரப்பு சீராகும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் தேவையும் அதன் தூசியும் இல்லை.

7. வண்ணம் தீட்டல். தூரிகையின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பற்றுவது எளிது. பேச்சு பாதிக்கப்பட்டவராயின், ஒவ்வொரு வண்ணத்தையும் கனியின் பெயரையும் அவரே சொல்லும்வரை காத்திருங்கள்.

இருக்கையும் நேரமும்

மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தளர்ந்த கை தொங்காமல், முன்கை முழுவதும் மேசைமேல் தாங்கியிருத்தல் இன்றியமையாதது. அக்கையைப் பிடித்து இழுக்க வேண்டா. தோள்மூட்டு எளிதில் நோகும். ஒரு பக்கத்தைக் கவனியாதிருப்பவருக்குப் பொருள்களை முதலில் நடுவிலும், பின்னர் நாளுக்கு நாள் பாதிக்கப்பட்ட பக்கத்திலும் வைக்கவும். ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளொன்றுக்கு இரு வேளை போதும். நவராத்திரிக்கு மூன்று வாரம் முன்னரே தொடங்கினால் அவசரம் இராது.

கவனிக்க வேண்டியவை

• பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பர். அது நஞ்சு, வீட்டில் வேண்டா. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும், அவற்றையும் தவிர்க்கவும்.
• விழுங்குவதில் இடர் உள்ளவரோ மனக்குழப்பம் உள்ளவரோ கூழை வாயில் இடாதவாறு உடனிருந்து பார்க்கவும்.
• கூழ் புளித்து நாறினாலோ பூஞ்சை படர்ந்தாலோ எறிந்துவிடவும். கையில் புண் உள்ளவர்கள் கூழைத் தொட வேண்டா. புற்றுநோய் மருந்துச் சிகிச்சை பெறுவோர் தம் மருத்துவரைக் கேட்டபின்னரே ஈடுபடவும்.
• தோள்வலியோ கைவீக்கமோ தோன்றினால் நிறுத்திவிட்டு எங்களிடம் தெரிவிக்கவும்.
• திடீரென முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கைகால் தளர்ந்தாலோ, ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவும்.

இப்பயிற்சி இயன்முறைச் சிகிச்சைக்கு மாற்று அன்று. அதனுடன் சேர்ந்து பயன் தருவது.

உடனிருப்போருக்கு

உங்கள் பங்கு இதில் கடினமானது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழிக்க அவர் அரை நிமிடம் போராடும்போது, உங்கள் கை தானாகவே நீளும். மனத்திற்குள் பத்துவரை எண்ணுங்கள். அதற்குப் பின்னும் இயலாவிடில், தாளின் ஓரத்தில் சிறு கீறல் மட்டும் இட்டுக் கொடுங்கள். கிழிப்பதை அவரிடமே விடுங்கள். வடிவம் கோணலாக வந்தால் இரவில் திருத்திவைக்க வேண்டா. மறுநாள் காலை அவர் அதைக் கண்டுகொள்வார்.

எத்தனை நிமிடம் அமர்ந்தார், எந்த விரல் எந்த அளவு விரிந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவாருங்கள். விசயதசமிக்குப்பின் வரும் மறுபரிசோதனைக்கு அக்குறிப்பேட்டையும், அவர் செய்த கனிகளுள் முதலாவதையும் கடைசியையும் எடுத்துவாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தே அடுத்த பயிற்சியை முடிவு செய்வோம்.