ஸீலாந்து கரையில் தனி சைக்கிள்: தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்

நெதர்லாந்தின் கடலோர ஊர்களைத் தனியாகச் சைக்கிளில் சுற்றப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் தூரத்தைப் பாதியாக்குங்கள் என்பதுதான். மேடில்லாத நாடு, அருமையான பாதை, நூறு கிலோமீட்டர் சுலபம் என்று கணக்குப் போடத் தோன்றும். கால்கள் தாங்கும்தான். ஆனால் இந்தக் கரையின் வரலாறு கோபுரங்களைவிட நிலத்தின் ஏற்ற இறக்கத்தில்தான் அதிகம் தெரிகிறது. கடலணையின் மேல் நின்று ஒருபுறம் கடல் மட்டத்தையும் மறுபுறம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல்களையும் மாறிமாறிப் பார்க்க நேரம் வேண்டும்.

தென்மேற்கில் உள்ள ஸீலாந்து மாகாணம் ஒன்றே இதற்குப் போதும். ஃபிளிஸ்ஸிங்கனில் ரயிலைவிட்டு இறங்கி வெஸ்ட்கபெல்லேயில் தொடங்கலாம். ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு வழி திறப்பதற்காக, இவ்வூரை உள்ளடக்கிய, ஜெர்மானியர் வசமிருந்த வால்கெரன் பகுதியை வெள்ளத்தில் மூழ்கடிக்க முடிவு செய்த நேச நாட்டு விமானங்கள் 1944 அக்டோபர் 3 அன்று இவ்வூர்க் கடலணையைக் குண்டு வீசி உடைத்தன. விடுதலை கொடுக்க வந்தவர்களால் ஊரே அழிந்தது. அடுத்தது வேரெ. 1961இல் அதன் கடல்வாயை அணை கட்டி அடைத்தார்கள். மீன்பிடிப் படகுகள் வேறு ஊருக்குப் போயின, இன்று துறையில் நிற்பவை உல்லாசப் படகுகள். இதைப் பார்த்துவிட்டு ஊஸ்டர்ஸ்கெல்ட் தடுப்பணைக்குப் போனால், அந்த வாயையும் முழுதாக அடைக்கும் திட்டத்தை மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் ஏன் அப்படி எதிர்த்தார்கள் என்பது விளங்கும். அவர்கள் போராட்டத்தால்தான் 1986இல் திறக்கப்பட்ட அணைக்கு 62 எஃகுக் கதவுகள் வைக்கப்பட்டன. புயல் வந்தால் மட்டும் அவை இறங்கும். மற்ற நாட்களில் தூண்களுக்கிடையே ஓதநீர் சுழித்துக்கொண்டு பாய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

இதையெல்லாம் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாமே என்பார்கள். பாதி உண்மை. ஆவுவர்கெர்க்கில் நிற்கும் நான்கு கான்கிரீட் பெட்டகங்கள், 1953 பிப்ரவரி 1 அன்று 1836 பேரைக் கொண்டுபோன வெள்ளத்தின் கடைசி உடைப்பை அந்த நவம்பரில் அடைத்தவை. அருங்காட்சியகம் அவற்றின் உள்ளேயே இருப்பதால்தான் அவை நமக்குப் புரிகின்றன. ஆனால் 1836 என்ற எண்ணின் கனம், அணையைவிட்டு இறங்கித் தாழ்நிலத்தில் மிதித்து வந்தவருக்கே உறைக்கும். அதனால் அருங்காட்சியகத்தைக் கடைசியில் வையுங்கள். காரில் வருபவர் இந்த இறக்கத்தை உணர்வதே இல்லை.

காற்றைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் சொல்வது சரிதான். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். மேலே சொன்ன வரிசையில் போனால் பெரும்பகுதி முதுகுக்காற்று. தனியாகப் போகிறவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்க ஆளில்லை. தூரத்தைக் குறைக்க அதுவும் ஒரு காரணம். வழி தவறும் பயம் வேண்டாம். சந்திப்புகளில் எண் பலகை உண்டு; போகவேண்டிய சந்திப்புகளின் எண்களைத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். ஆவுவர்கெர்க் இருக்கும் தீவில் ரயில் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் நீள ஸீலாந்து பாலத்தைத் தெற்கே கடந்து கூஸ் நிலையத்துக்கு வரவேண்டும், அங்கே காற்று எதிரே நிற்கும். வானிலை பார்த்து நாள் குறியுங்கள். வார நாட்களில் நெரிசல் நேரத்தில் ரயிலில் சைக்கிளைப் பொதுவாக ஏற்றவிடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.