பாடலும் பார்வையும்

பாட்டு செவிக்கு விருந்து. ஓவியம் கண்ணுக்கு விருந்து. இவ்விரண்டும் கூத்திலும் நாடகத்திலும் ஒன்றுபடுதல் பழங்காலந்தொட்டே உண்டு. ஆயினும், இசைத்தட்டும் வானொலியும் வந்த பின்னர்ப் பாட்டு பெரும்பாலும் செவிக்கே உரியதாயிற்று. பாடுபவர் நெட்டையரோ குட்டையரோ, இளையரோ முதியரோ என்று அறியாமலே மக்கள் குரலில் ஈடுபட்டனர்.

இந்நிலை 1981 ஆம் ஆண்டில் மாறத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று, பாட்டுக் காட்சிகளையே இரவும் பகலும் காட்டும் நோக்குடன் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் அமெரிக்காவில் தோன்றியது. அது முதன்முதல் காட்டியது, 'தி பகிள்ஸ்' என்ற ஆங்கில இசைக் குழுவினரின் பாட்டாகும். வானொலியால் வாழ்ந்த பாடகனை வீடியோ வீழ்த்திவிட்டது என்பதே அப்பாட்டின் கருத்து. அதன்பின் மேலைநாட்டுப் பாப் இசை, கேட்கப்படும் பொருளாக இருந்ததோடு பார்க்கப்படும் பொருளாகவும் ஆயிற்று. இன்றோ அப்பாட்டுக் காட்சிகள் யூடியூப் வழியாக உலகெங்கும் உள்ள இளைஞரின் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டன.

ஒரு பாட்டுக் காட்சி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நிமிடமே ஓடும். அச்சிறு பொழுதில் ஒருவருடைய குணநலன்களை விரித்துரைக்க இடமில்லை. ஆதலின், ஆண் என்றால் இன்னவன், பெண் என்றால் இன்னவள் என்று முன்னரே வார்த்துவைத்த அச்சுக்களைக் காட்சி அமைப்போர் எளிதில் எடுத்தாள்கின்றனர். காண்போரோ ஒரு காட்சியை ஒரு முறை கண்டு விடுவதில்லை. பாட்டின் இனிமை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அன்றோ? பாடப்புத்தகத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். பொழுதுபோக்கு என்னும் பெயரால் வரும் பாடத்தைத் திருத்துவார் யார்? எழுத்தைப் படிக்கக் கற்றது போலவே காட்சியைப் படிக்கவும் நாம் கற்றல் வேண்டும்.

காமிரா உள்ளதை உள்ளவாறே காட்டும் கண்ணாடி என்று பலர் எண்ணுகின்றனர். அதனை எங்கே நிறுத்துவது, எதனை நோக்கித் திருப்புவது, எப்பொழுது அகற்றுவது என்பவற்றை முடிவு செய்வோர் மனிதரே. 1975 ஆம் ஆண்டில் லாரா மல்வி என்ற ஆங்கில அறிஞர் ஹாலிவுட் திரைப்படங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அப்படங்களில் ஆண் பார்ப்பவனாகவும், பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைகின்றனர் என்றும், காமிராவும் ஆணின் பக்கத்தே நின்று பார்ப்பதால், காண்போர் எவராயினும் அவன் கண்ணைக் கடன் வாங்கியே பார்க்க நேர்கின்றது என்றும் அவர் விளக்கினார். இதனை 'ஆண் நோக்கு' என்று கூறுவர்.

நம் இலக்கியம் பயின்றோர்க்கு இது விளங்காத செய்தி அன்று. ஒருவருடைய எழிலை முடி முதல் அடி வரை வருணிப்பதைக் கேசாதிபாதம் என்று வழங்குவர். பொருநராற்றுப்படையில் ஒரு பாடினியின் தோற்றம் கூந்தலில் தொடங்கிச் சீறடி வரை இவ்வாறு வருணிக்கப்படுகின்றது. காமிரா ஒரு பாடகியின் முகத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குவதும் இத்தகையதே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஆற்றுப்படையில் வருணிப்பவன் ஒரு பொருநன் என்பதை நாம் அறிவோம். அவன் குரல் நம் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. காமிராவோ தன்னை மறைத்துக்கொள்கின்றது. 'நான் காட்டுகின்றேன்' என்று அது சொல்வதில்லை. 'அவள் அவ்வாறு இருக்கின்றாள்' என்றே நம்மை எண்ணச் செய்கின்றது. மறைந்து நிற்கும் அவ்வருணனையாளனைக் கண்டுபிடித்தலே காட்சி ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

அவனைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் நான்கு. முதலாவது தொலைவு: முழு உருவும் தெரியக் காட்டினால் ஒருவருடைய செயல் விளங்கும், உதடு, இடை, கால் என்று உறுப்புக்களைத் தனித்தனியே அண்மையிற் காட்டினால் ஆள் மறைந்து உறுப்பே எஞ்சும். இரண்டாவது கோணம்: கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் காமிரா ஒருவரைத் தலைவராக்கும், மேலிருந்து குனிந்து பார்க்கும் காமிரா அவரைச் சிறியராக்கும். மூன்றாவது வெட்டு: ஒரு காட்சித் துண்டு எவ்வளவு நேரம் நிற்கின்றது, அதனை அடுத்து எது வருகின்றது என்பது. நான்காவது கோலம்: உடை, ஒப்பனை, நிறம், நிற்கும் இடம் ஆகியவை. இவற்றைச் சில காட்சிகளிற் பொருத்திக் காண்போம்.

1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது 'அடிக்டெட் டு லவ்' என்னும் பாட்டுக் காட்சி. பாடியவர் ராபர்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர். காட்சியை இயக்கியவர், நாகரிக உடைகளைப் படம் எடுப்பதில் பேர்பெற்ற டெரன்ஸ் டானவன். பால்மர் வெண்சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து நடுவே நின்று பாடுகின்றார். அவருக்குப் பின்னே ஐந்து மகளிர், இசைக்குழுவினரைப் போலக் கருவிகளுடன் நிற்கின்றனர். ஐவர்க்கும் வாரி இழுத்து முடித்த கூந்தல், வெளிறிய முகப்பூச்சு, செக்கச் சிவந்த உதட்டுச் சாயம், கறுப்பு ஆடை. ஒரே அச்சில் வார்த்த பதுமைகள் போல, முகத்தில் யாதொரு மெய்ப்பாடும் இன்றி அவர்கள் அசைகின்றனர். உண்மையில் அவர்கள் இசைவாணர் அல்லர்; மாடல் தொழில் புரிந்தவர்.

இங்கே நால்வகைத் தடயங்களையும் தேடுக. பாடகர் ஒருவர், அவருக்குக் குரல் உண்டு, பெயர் உண்டு, முகக்குறிப்பு உண்டு. மகளிர் ஐவர், குரல் இல்லை, பெயர் இல்லை, ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் வேறுபாடும் இல்லை. இக்காட்சியை விளம்பர உலகைப் பழிக்கும் அங்கதம் என்று கொள்வாரும் உளர். அங்கதமே ஆயினும், அதனைப் பார்த்த ஒரு சிறுமி கிதாரைக் கையில் ஏந்திய பெண்ணைக் கண்டாளேயன்றிக் கிதாரை வாசிக்கும் பெண்ணைக் காணவில்லை என்பதை மறுத்தல் இயலாது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1999 ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பாடகி ஷனையா ட்வைன் 'மேன்! ஐ ஃபீல் லைக் எ உமன்!' என்ற தம் பாட்டுக்கு ஒரு காட்சி அமைப்பித்தார். இயக்கியவர் பால் பாய்ட். பால்மரின் காட்சியையே எடுத்து அதனைத் தலைகீழாக்கினர். இப்பொழுது நடுவே நின்று பாடுபவர் பெண். பின்னே கருவி ஏந்திப் பதுமைகளாய் நிற்போர் ஆடவர். பழைய காட்சியை அறிந்தவர் கண்டவுடனே நகைப்பர். அந்நகையே ஒரு பாடமாயிற்று. ஆடவரைப் பதுமையாக்கிய பொழுது வியப்பும் நகைப்பும் தோன்றுகின்றன. மகளிரைப் பதுமையாக்கிய பொழுது அவை தோன்றாமைக்குக் காரணம், அக்காட்சி நமக்குப் பழகிப்போனமையே. பழக்கம் என்னும் திரையை விலக்குதற்கு, இடம் மாற்றிப் பார்த்தல் ஒரு நல்ல கருவி ஆகும்.

எனினும், இம்மாற்றம் முழுமை பெற்றதா? ட்வைன் முதலில் உயர்ந்த தொப்பியும், முகத்திரையும், நீண்ட மேலங்கியும் அணிந்து ஓர் ஆடவரின் மிடுக்குடன் தோன்றுகின்றார். பாட்டு வளர வளர அவற்றை ஒவ்வொன்றாகக் களைகின்றார். பால்மர் அவ்வாறு எதனையும் களைய வேண்டியிருக்கவில்லை. பெண் தலைமை தாங்கிய பின்னும் காமிரா அவருடைய உடலை விட்டு விலகவில்லை. நாற்காலியில் அமர்வோர் மாறினும், நாற்காலி பழைய திசையையே நோக்கி நிற்பது போன்றது இது.

இதனால், ஆடையின் அளவே பெண்ணின் மதிப்பை முடிவு செய்யும் என்று கொள்ளற்க. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த பியான்சே என்னும் அமெரிக்கப் பாடகியின் 'சிங்கிள் லேடீஸ்' காட்சியை எடுத்துக்கொள்வோம். இயக்கியவர் ஜேக் நாவா. வண்ணம் இல்லை, கறுப்பும் வெள்ளையுமே. அரங்கப் பொருள்களும் இல்லை. பியான்சேயும் வேறு இரு நடன மகளிரும் உடலை ஒட்டிய சிற்றுடை அணிந்து ஆடுகின்றனர். பாப் ஃபாஸி என்ற நடன ஆசிரியர் 1969 இல் அமைத்த ஓர் ஆடலைத் தழுவியது அது. ஆடை குறைவே, ஆயினும் காமிரா பெரும்பாலும் தலை முதல் அடி வரை முழு உருவையும் காட்டி, ஆடுவோரைச் சுற்றிச் சுற்றி வருகின்றது. வெட்டுக்கள் கண்ணை உறுத்துவதில்லை. ஆதலின், காண்போர் உள்ளத்தில் நிற்பது அவர்களுடைய உழைப்பும், தாளம் பிழையாத திறமும் ஆகும். பெண்ணின் உடல் இங்கே செயல் புரிகின்றது. எவ்வளவு காட்டப்பட்டது என்பதினும், எவ்வாறு காட்டப்பட்டது என்பதே ஆராயத் தக்கது.

நான்காம் தடயமாகிய கோலத்தில், நிற்கும் இடத்தையும் சேர்த்தோம். அதன் ஆற்றலை 1983 ஆம் ஆண்டுக் காட்சி ஒன்று நன்கு விளக்கும். சிண்டி லாப்பர் என்ற அமெரிக்கப் பாடகியின் 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்' என்பது அது. அப்பாட்டை முதலில் எழுதியவர் ராபர்ட் ஹசார்ட் என்ற ஆடவர். ஆடவன் கூற்றாகவே எழுதினார். லாப்பர் அதன் சொற்களை மாற்றிப் பெண் கூற்றாக்கிக்கொண்டார். காட்சியில் தாயாக நடித்தவர் அவரைப் பெற்ற தாயே; தந்தையாக நடித்தவர் லூ அல்பானோ என்ற மற்போர் வீரர். கண்டிக்க வந்த தந்தையின் கையை மகள் முறுக்கிச் சுவரோடு நிறுத்துகின்றாள். பின்னர்த் தோழியர் கூட்டத்துடன் நியூயார்க்கு நகரத் தெருவில் ஆடிப்பாடிச் செல்கின்றாள். லிசா லூயிஸ் என்ற ஆராய்ச்சியாளர் எம்.டி.வி. காட்சிகளைப் பற்றி 1990 இல் எழுதிய நூலில், தெரு என்பது ஆடவர்க்கே உரிய இடமாகக் காட்டப்பட்டு வந்ததனையும், மகளிர் அதனுள் புகுந்து தமதாக்கிக்கொண்டதனையும் எடுத்துக்காட்டினார். தனித்து நிற்கும் பெண்ணைப் பிறர் பார்ப்பர். கூடி நடக்கும் பெண்களோ உலகைத் தாமே பார்ப்பர். அவர்கள் நோக்கு ஒருவர்மேல் ஒருவர் செல்கின்றது. காமிராவைக் கெஞ்சி நிற்பதில்லை.

அச்சில் வார்க்கப்படுவோர் மகளிர் மட்டும் அல்லர். டெய்லர் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கப் பாடகி 2020 ஆம் ஆண்டில் 'தி மேன்' என்ற தம் பாட்டுக் காட்சியைத் தாமே இயக்கினார். ஆண் வேடம் பூண்டு தாமே நடித்தார். அவ்வாடவன் அலுவலகத்தில் ஆணை செலுத்துகின்றான். ரயில் வண்டியில் கால்களை அகலப் பரப்பி அமர்ந்து சுருட்டுப் புகைக்கின்றான். டென்னிஸ் ஆட்டத்தில் சினந்து கூச்சலிடுகின்றான். பூங்காவில் தன் மகளைத் தூக்கிக்கொண்டமைக்கே பெரும் பாராட்டுப் பெறுகின்றான். இறுதியில் வேடம் பூண்ட நடிகன் முன் பெண் இயக்குநர் ஒருவர் தோன்றி, இன்னும் கவர்ச்சியாகவும் பிறர் விரும்பும்படியாகவும் நடிக்கச் சொல்கின்றார். நடிகையரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் ஒன்றை ஆடவனிடம் கேட்டமையால் உண்டாகிய நகை அது. அவ்வாண்டு எம்.டி.வி. அளித்த சிறந்த இயக்கத்திற்குரிய விருது அதற்குக் கிடைத்தது. ஆணவமே ஆண்மை என்று காட்சிதோறும் கற்கும் சிறுவன் இழப்பதும் சிறிதன்று என்பதை இங்கே உணர்தல் வேண்டும். அழகே பெண்மை என்னும் அச்சு ஒரு பெண்ணைக் குறுக்குவது போலவே, முரடே ஆண்மை என்னும் அச்சும் ஓர் ஆணைக் குறுக்குகின்றது.

பாட்டின் இனிமை அறிவை மயக்கும். ஆதலின், அமெரிக்கப் பேராசிரியர் சட் ஜாலி 'ட்ரீம்வேர்ல்ட்ஸ்' என்ற தம் ஆவணப்படத்தில் ஓர் உத்தியைக் கையாண்டார். பல பாட்டுக் காட்சிகளைத் தொகுத்து, அவற்றின் இசையை நீக்கித் தம் விளக்கவுரையைச் சேர்த்தார். இசை நீங்கியதும், அதுவரை கண்ணில் படாதன எல்லாம் கண்ணில் பட்டன. இவ்வுத்தி எவர்க்கும் எளிது. ஒரு காட்சியை முதலில் ஒலியுடன் காண்க. பின்னர் ஒலியை அடக்கிக் காண்க. அப்பொழுது சில வினாக்களை உள்ளத்தில் எழுப்புக. செயல் புரிபவர் யார்? வெறுமனே நிற்பவர் யார்? யாருடைய முகம் முழுமையாகத் தெரிகின்றது? யார் உறுப்புக்களாகத் துண்டுபடுகின்றார்? ஆண் நின்ற இடத்தில் பெண்ணையும், பெண் நின்ற இடத்தில் ஆணையும் நிறுத்தினால் காட்சி இயல்பாகத் தோன்றுமா, நகைப்பைத் தருமா?

இவ்வாறு ஆராய்வதால் பாட்டின் சுவை குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. யாப்பும் அணியும் அறிந்தவர் செய்யுளை முன்னினும் மிகுதியாகச் சுவைப்பர். அதுபோலக் காட்சியின் இலக்கணம் அறிந்தவர் நல்ல காட்சியைப் போற்றுவர். பொய்யான காட்சியைக் கண்டு ஏமாறார். பாட்டைச் செவியாரக் கேட்போம். காட்சியைக் கண்ணாரக் காண்போம். ஆனால், பிறர் கண்ணைக் கடன் வாங்கி நம் உடன்பிறந்தாளையும், உடன் பயிலும் தோழனையும், நம்மையும் அளவிடாதிருப்போம்.

பயிற்சி

1. காமிராவின் நோக்கிற்கும் கேசாதிபாத வருணனைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?
2. மறைந்து நிற்கும் வருணனையாளனைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் நான்கினையும் விளக்குக.
3. பால்மரின் காட்சியையும் ட்வைனின் காட்சியையும் ஒப்பிட்டு எழுதுக. ட்வைனின் மாற்றம் முழுமை பெறவில்லை என்று ஆசிரியர் கருதுவது ஏன்?
4. 'எவ்வளவு காட்டப்பட்டது என்பதினும், எவ்வாறு காட்டப்பட்டது என்பதே ஆராயத் தக்கது.' இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் தெளிவாக்குக.
5. நீ அறிந்த பாட்டுக் காட்சி ஒன்றை ஒலியின்றிக் கண்டு, பாடத்தில் கூறிய வினாக்களுக்கு விடை தந்து ஒரு கட்டுரை வரைக.