முதலில் குழியைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பயிற்சியாளன் என்று பலகை மாட்டிய முதல் மாதமே, "நாய் வேலிக்கு அடியில் குழி பறிக்கிறது, எப்படியாவது நிறுத்துங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டதாக எழுதியிருந்தாய். அங்கே போனதும் நாயைப் பார்ப்பதற்கு முன் குழியைப் பார். ஒரே இடத்தில் பறித்திருக்கிறதா, வேலி நெடுக அங்கங்கேயா? மண் ஈரமா, வறண்டதா? எத்தனை மணிக்குப் பறிக்கிறது?

நான் இதையெல்லாம் கேட்காமல் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டவீடு, நல்ல சிப்பிப்பாறை நாய். போன வேகத்தில் வேலியடியில் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால், முன்னங்கால் நகம் இரண்டு பிளந்திருந்தது; விரலிடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. கான்கிரீட் மேல் நீளநீளமாகச் சிவப்புக் கீறல்கள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து கவனித்தேன். சித்திரை வெயில். குளியலறைத் தண்ணீர் ஓடிவந்து அந்த வேலியோரத்தில்தான் தேங்கும். தோட்டம் முழுவதிலும் ஈரம் இருந்த இடம் அந்த இரண்டு முழம்தான். அது ஓடிப்போகப் பறிக்கவில்லை, படுக்கப் பறித்திருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். மூச்சிரைத்தும், குளிர்ந்த மண்ணில் வயிற்றை ஒட்டிப் படுத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வேப்பமரத்தடியில் ஆற்றுமணல் கொட்டி, தினமும் இரண்டு குடம் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். மூன்றாம் நாளே வேலியை மறந்துவிட்டது. அந்த நகங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

மோந்து மோந்து ஒரே இடத்தில் பறித்தால், கீழே பெருச்சாளி வளை இருக்கும். அதற்கு விஷம் வைக்க மட்டும் விடாதே. செத்த எலியைத் தின்றால் நாய்க்கும் விஷம் ஏறும். ஆண் நாய் ராத்திரியில் தெருப்பக்கம் பறித்தால், அக்கம்பக்கத்தில் பெட்டை பருவத்தில் இருக்கலாம். கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசச் சொல். தீபாவளி வெடிக்குப் பயந்து பறிக்கிற நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நீ அதிகம் பார்க்கப்போவது, பகல் முழுக்கத் தனியாக விடப்பட்டு, காலாற நடக்கவே வழியில்லாத நாய்களை. அவற்றுக்குக் காலையும் மாலையும் நடைதான் மருந்து.

காரணத்தைச் சரிசெய்துகொண்டே வேலியையும் கெட்டிப்படுத்து. வெல்டு மெஷ் கம்பிவலையை 'ட' எழுத்துப் போல மடக்கு. நிமிர்ந்த பாதியை வேலியோடு கட்டு; படுத்த பாதி தோட்டத்துப் பக்கமாக இரண்டடி நீண்டு, அரையடி மண்ணுக்குள் கிடக்கட்டும். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும். வலை தட்டுப்பட்டால், இரண்டடி பின்னால் போய்ப் பறிக்கலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது. வெட்டிய கம்பி முனைகளை மட்டும் உள்ளே மடித்துவிடு, காலைக் கிழித்துவிடும்.

வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, குழியைக் காட்டி அடிப்பதாக எழுதியிருக்கிறாய். அதை முதல் நாளே நிறுத்து. மத்தியானம் பறித்ததற்காக இப்போது அடி விழுகிறது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? இவர் வந்தால் அடி விழும் என்று மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும்.

நாளைக்கு உன் வசதிக்குக் காலையில் போகாதே. அது பறிக்கிற நேரத்தைக் கேட்டு அந்த நேரத்துக்குப் போ. ஒரு குடையும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள். ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்