மடக்கு வினாவும் மசலாவும்

1990இல் மடத்துக்குளத்தில் பிறந்தவர் எந்த மாவட்டத்தில் பிறந்தவர்? 'திருப்பூர்' என முந்திக்கொண்டு கூறுவோரே மிகுதி. அம்மாவட்டம் தோன்றியது 2009இல். அதற்கு முன் இவ்வூர் கோவை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இவ்வாறு பிறரை மடக்கி மகிழும் நாம், இவ்விளையாட்டையே இலக்கிய வகையாக்கிய நம் முன்னோரை மறந்துவிடுகிறோம். அவ்வகையின் பெயர் மசலா. வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் அது.

1572இல் மதுரையில் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ஆயிர மசலா, இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அதில் யூத அறிஞர் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) விடை பகர்கின்றார்கள். தெளிவு பெற்ற இப்னு சலாம் இசுலாத்தைத் தழுவுகின்றார். மடக்குவதற்கன்று, அறிந்து ஏற்பதற்கே அவர் கேட்டார்.

வெள்ளாட்டி மசலா நமக்கு இன்னும் உவப்பானது. வெள்ளாட்டி என்பாள் அடிமைப்பெண். ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் வரும் தவத்துத் என்பவளின் வரலாறே இதற்கு மூலம். பொருளிழந்த தலைவனுக்காகத் தன்னையே விற்கச் சொல்லும் அவள், கலீபா ஹாரூன் அல் ரஷீதின் அவையில் அறிஞர் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறுகிறாள். பின்னர் அவளே வினவுகிறாள்; தோற்ற அறிஞர் மேலங்கியைக் களைந்து தர வேண்டும். (நம் வினாடி வினா மேடைகளில் இவ்விதி இல்லாதது நன்று!) வேண்டியதைக் கேள் எனக் கலீபா கூறியபோது, தன் தலைவனிடம் திரும்பவே அவள் வேண்டினாள்.