புலியா, ஓநாயா?

ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் பொய்க்கூச்சலிட்டு ஊராரை ஏமாற்றிய கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் "புலி வருது, புலி வருது" என்றே கேட்டு வளர்கின்றனர். ஹெப்பகோடியில் வாழும் பிள்ளைகளின் செவியில், அதே கதை அண்டைவீட்டுக் கன்னடத்தில் "தோள பந்து தோள" என்றும் விழக்கூடும். 'தோள' என்றால் ஓநாய். 'பந்து' என்றால் வந்தது. ஈசாப்பின் கதையில் வருவதும் ஓநாயே. தமிழுக்கு வந்தபோதுதான் அது புலியாயிற்று. (நண்பனைத் 'தோழா' என்று அழைக்கும்போது ழகரம் பிறழ்ந்து ளகரமானால், கன்னடம் அறிந்தவர் செவியில் அவன் ஓநாயாகிவிடுவான்!)

ஓநாய் அடர்ந்த காட்டைவிட வறண்ட புல்வெளியையே விரும்பும். கருநாடகத்தின் வடபகுதிப் புல்வெளிகளில் அது இன்றும் உலவுகிறது. தமிழ்நாட்டில் அதைக் காண்பது மிக அரிது. ஆகவே தமிழர் பலர் ஓநாயை நேரில் கண்டதில்லை. "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்னும் பழமொழியின் வாயிலாகவே அதனை அறிவர். பழமொழி அதற்கு வஞ்சகன் என்னும் பெயரைச் சூட்டிவிட்டது.

திரைப்படங்களும் நெடுங்காலம் இப்பெயரையே வழிமொழிந்தன. டிஸ்னி நிறுவனம் 1933இல் வெளியிட்ட 'மூன்று பன்றிக்குட்டிகள்' என்னும் கார்ட்டூன் படத்தில், வைக்கோல் வீட்டையும் குச்சி வீட்டையும் ஊதித் தள்ளும் கொடியவன் ஓநாய்தான். இதற்கு நேர்மாறான ஓநாயோ இந்தியக் காட்டைக் களமாகக் கொண்ட கதையில் முன்னரே பிறந்துவிட்டது. ருட்யார்டு கிப்ளிங் 1894இல் வெளியிட்ட 'தி ஜங்கிள் புக்' நூலில், மோக்லி என்னும் மனிதக் குழந்தையைத் தன் குட்டிகளோடு சேர்த்து வளர்ப்பவள் ஒரு பெண் ஓநாய். 1967இல் வந்த கார்ட்டூன் படத்தில் ஓநாய்கள் சிறிது நேரமே தோன்றுகின்றன; புலிக்கு அஞ்சிச் சிறுவனை அனுப்பிவிட முடிவு செய்கின்றன. 2016இல் வந்த படத்திலோ ரக்ஷா என்னும் தாய் ஓநாய் நெஞ்சில் நிற்கிறாள். அப்படம் தமிழிலும் குரல் மாற்றி வெளியானதால், ஓநாய் அன்னை தமிழ் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டனர். தமிழ்த் திரையும் பின்தங்கவில்லை. பெரியவர்களுக்கென 2013இல் மிஷ்கின் இயக்கிய 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில், ஓநாய் என அழைக்கப்படுபவனே பார்வையற்ற குடும்பம் ஒன்றைக் காக்கப் போராடுகிறான்.

அன்னை ஓநாய் முழுவதும் கற்பனையன்று. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே: தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள். மூத்த பிள்ளைகளும் குட்டிகளுக்கு உணவு கொணர்ந்து ஊட்டுவதுண்டு. முழுநிலவைக் கண்டு ஊளையிடுவதாகப் படங்கள் காட்டுவதுதான் பொருந்தாதது. பிரிந்து சென்ற உறவை அழைக்கவும், தன் எல்லையைப் பிற கூட்டத்துக்கு உணர்த்தவுமே ஓநாய் ஊளையிடும். மேலும், திரையில் பெரிதும் தோன்றுவது அடர்ந்த மயிர் கொண்ட பனிநாட்டு ஓநாய். நம் நாட்டு ஓநாயோ மெலிந்தது. ஏறத்தாழ 20 கிலோ எடையும் காய்ந்த புல்லின் நிறமும் கொண்டது.

எனினும், ஓர் இரவில் தன் ஆட்டை இழந்த இடையர்முன் ரக்ஷாவின் புகழைப் பாடுவது எளிதன்று. அவருக்கு அந்த ஆடே பிழைப்பு. மறுபுறம், புல்வெளிகளைத் 'தரிசு' என்று எழுதிவைத்து, அவற்றில் ஆலையும் சாலையும் அமைக்கும்போது ஓநாய்க்கு இரையும் குறைகிறது, வளை தோண்ட இடமும் குறைகிறது. அது ஆட்டுப்பட்டியை நாடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயைப் புலியோடு ஒரே அட்டவணையில் வைத்துள்ளது. ஆயினும் புலிக்குக் கிடைக்கும் கவனம் அதற்குக் கிடைப்பதில்லை.

இவ்வகையில் கருநாடகம் சற்று முந்திக்கொண்டது. இராமானுசர் தங்கியிருந்த திருநாராயணபுரம் எனத் தமிழர் அறிந்த மேலுகோட்டையில், 1974இலேயே ஓநாயைக் கருதி ஒரு சரணாலயம் அமைந்தது. கொப்பள மாவட்டத்துப் பங்காபுரத்திலும் ஓநாய்க்கெனக் காப்பிடம் உண்டு. ஹெப்பகோடியிலிருந்து மேலுகோட்டைக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

பயிற்சி

1. 'புலி வருது' கதையை வீட்டில் பெரியோரிடம் கேட்டு எழுதுக. கன்னடம் பேசும் நண்பரிடமும் கேட்டு, இரண்டிலும் வரும் விலங்கைக் குறிப்பிடுக.
2. தோள, தோழா, தோளா: இவற்றை உரக்கப் படித்து, பொருள் வேறுபாட்டைக் கூறுக.
3. ஆட்டை இழந்த இடையரும் வனக்காவலரும் உரையாடுவதாகப் பத்து வரிகள் எழுதுக.