எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

"48 ஆயிரம் ஆகும் சார். பாதி இப்பவே கட்டிட்டீங்கன்னா ராத்திரியே தியேட்டர் ரெடி பண்ணிடலாம்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். மணி ஒன்பதரை. உள்ளே ஸ்டீல் மேசைமேல் வேணி, மயிர் மழித்த வயிற்றில் ஸ்கேன் ஜெல் காயாமல், என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்பது வயது நாட்டு நாய். நான்கு நாளாகச் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். பின்பக்கத்தை ஓயாமல் நக்கினாள்; அதையும் கவனிக்காமல் விட்டோம். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா என்கிறார்கள். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு, பெரும்பாலும் ஹீட் முடிந்த சில வாரங்களில் வரும்.

கவுன்டரில் நின்றபடியே, தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "சீழ் வெளியே வருதா, உள்ளேயே நிக்குதா?" என்று கேட்டார். வெளியே வந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. கர்ப்பப்பை வாய் மூடி, சீழ் உள்ளேயே தேங்கினால் அவகாசம் கிடையாது. பை கிழிந்து வயிற்றுக்குள் பரவினால் பிழைப்பது கஷ்டம். வேணிக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. ஈறு சிவப்பாக இருந்தது, நிற்கவும் முடிந்தது. "அறுக்கிறதுக்கு முன்னாடி எப்படியும் சில மணி நேரம் ட்ரிப்ஸ் ஏத்தித்தான் ஆகணும். அதை அங்கேயே பண்ணுங்க. விடிஞ்சதும் வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

அப்படியே செய்தோம். ராத்திரி ட்ரிப்ஸ், ஆன்டிபயாடிக், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டினேன். அந்தப் பணம் எனக்கு வலிக்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்கேன் மெஷினோடும் ஆளோடும் விழித்திருக்கும் இடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. தனியார் மருத்துவமனைக்குக் காசு கொடுப்பது அந்த நேரத்துக்காகத்தான். விபத்து, மூச்சுத் திணறல், வலிப்பு, விஷம், குட்டி வெளியே வராமல் சிக்கிக்கொள்வது: இவற்றுக்கெல்லாம் விலை விசாரிக்க நிற்காதீர்கள். பக்கத்தில் திறந்திருக்கும் கதவுக்குள் ஓடுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நான் செய்திருக்கிறேன். வேணிக்கு முன்பு மூன்று மாதக் குட்டி ஒன்று இருந்தது. ஒரே ஒரு தடுப்பூசி போட்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாந்தி, பிறகு ரத்தபேதி. தனியாரில் கேட்டதை மனக்கணக்குப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை மலிவான இடத்துக்குப் போகலாம் என்று வீட்டிலேயே எலக்ட்ரால் கரைத்துக் கொடுத்தேன். பார்வோ. அந்த வைரஸுக்கென்று கைவசம் மாத்திரை எதுவும் இல்லை; இழந்த நீரை ட்ரிப்ஸில் திரும்ப ஏற்றி உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அதில் ஒரு ராத்திரி போனாலும் போனதுதான். திங்கட்கிழமை வரவில்லை.

சரி, அவகாசம் இருக்கிறது என்றால்? என் ஓட்டு கல்லூரி மருத்துவமனைக்கு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் 1903 முதல் இருக்கிறது. மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று துறைகள் தனித்தனி. விலங்குகளுக்கான ரத்த வங்கியும் உண்டு. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிப்போன நாய்க்கு அதன் அருமை தெரியும். மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும். பேராசிரியர் அவர்களுக்கு விளக்கும்போது நமக்கும் நோய் புரிகிறது. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் சொற்பம். அதற்குப் பதில் ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டும். இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் நாயோடு மர நிழலில் உட்கார. பழைய சீட்டுகள், துண்டு, கழுத்துப் பட்டை, வாய்க்கூடு கையில் இருக்கட்டும். கடிக்காத நாயும் பத்து நாய்களுக்கு நடுவில் கடிக்கும். மருந்துகளை வெளியில் வாங்கிவரச் சொன்னால் ஓடுவதற்குக் கொஞ்சம் பணமும் வேண்டும். சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு.

ஊரில் இருக்கும் அரசுக் கால்நடை மருந்தகத்தை நகரத்துக்காரர்கள் மறந்தே விடுகிறோம். ஆடு மாட்டுக்கென்று ஏற்பட்டது, ஸ்கேனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் அது தாராளமாகப் போதும். ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளை வீட்டு நாய்க்கு மலிவு ஆஸ்பத்திரியாக நினைக்க வேண்டாம். தெருவில் அடிபட்டுக் கிடப்பதற்குத்தான் அவர்கள் முதலில் வேண்டும்.

வீட்டு வைத்தியம் எல்லாவற்றிலும் மலிவுபோலத் தெரியும். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவுவதும் அப்படியே.

இனி எஸ்டிமேட்டை எப்படிப் படிப்பது என்பது. மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். இன்றே ஆக வேண்டியது எது, நாளைக்குத் தள்ளக்கூடியது எது என்று கேட்டால் நல்ல டாக்டர் முகம் சுளிக்க மாட்டார். அந்த ராத்திரி எங்கள் எஸ்டிமேட்டில் மூன்று நாள் தனி அறை வாடகை இருந்தது, கேட்டதும் அடித்துவிட்டார்கள். எடுத்த பரிசோதனைகளின் முடிவுகளையும் ஸ்கேன் படத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் அதே சோதனைக்கு இன்னொரு முறை கட்ட வேண்டியிருக்கும். மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது குணமாகிற நோயா, சமாளிக்கிற நோயா? பயோமெட்ராவில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தேறுகிற நாய்க்கு அத்தோடு முடிந்தது. கடன் வாங்கியாவது செய்யலாம். வயதான நாயின் சிறுநீரகம் பழுதானால் அப்படி இல்லை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, தனிச் சாப்பாடு, அடிக்கடி ட்ரிப்ஸ் என்று செலவு நீளும். அங்கே மொத்தத் தொகையைக் கேட்பதைவிட மாதச் செலவைக் கேளுங்கள். அதைத் தாங்க முடியாதென்று தெரிந்தால், வலி மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்வதும், அதுவும் முடியாதபோது ஊசி போட்டு விடைகொடுப்பதும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கக்கூடிய விஷயங்கள்தான். அதைக் கேட்பவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல.

காப்பீடு? நாய்களுக்கு இப்போது கிடைக்கிறது. வயது வரம்பு உண்டு, முன்பே இருக்கும் நோய்க்குக் கிடைக்காது, ஆரம்பத்தில் சில நாள் காத்திருக்க வேண்டும், தடுப்பூசிச் சீட்டு சரியாக இல்லாவிட்டால் மறுத்துவிடலாம். குட்டியாக இருக்கும்போதே எடுத்தால் யோசிக்கலாம். வேணி வயதில் வீண். மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டிருந்தால் எட்டு வருடத்தில் வட்டி இல்லாமலே 96,000 சேர்ந்திருக்கும். போடவில்லை. இளம் வயதில் கருத்தடையும் செய்யவில்லை. அதற்கு ஆகியிருக்கும் செலவு அந்த ஒரு ராத்திரி பில்லை எட்டியிருக்காது.

வேணிக்கு அறுவை நடந்து, பன்னிரண்டாம் நாள் தெருமுனை டாக்டரே தையல் பிரித்தார். தலையில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு கதவு கதவாக இடித்துக்கொண்டு திரிந்தவள், அதைக் கழற்றியதும் முதல் வேலையாக என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று போன் நம்பர்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று அந்த டாக்டருடையது. இரண்டாவது, ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனையுடையது. மூன்றாவது, நாய் என்றதும் "வேற வண்டி பாருங்க" என்று சொல்லாமல், பின் சீட்டில் சாக்கு விரித்து, விடியற்காலை ஐந்தரைக்கு எங்களை வேப்பேரிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரருடையது.