தேரும் முட்டுக்கட்டையும்

ஒருவர் தொடங்கிய செயலுக்கு மற்றொருவர் இடையூறு செய்வாராயின், 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று கூறுதல் தமிழ் வழக்கு. அவ்வழக்கில் முட்டுக்கட்டை என்பது பழிப்புச் சொல்லாகும். ஆயின், தேரோடும் வீதியில் அதற்கு உள்ள மதிப்பே வேறு. அங்கே முட்டுக்கட்டை தேருக்குப் பகையன்று. வழிகாட்டியும் காவலும் ஆகும். வடம் பிடிப்போர் ஆயிரவர் இருப்பினும், முட்டுக்கட்டை இடுவோர் சிலர் இல்லையேல் தேர் நிலைக்கு வந்து சேராது. இவ்வுண்மையை உணர வேண்டுமாயின், இயக்கம் யாது, விசை யாது என்பவற்றை முதற்கண் தெளிதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளி கே.கே. நகரிலிருந்து திருவரங்கத்திற்கு நகரப் பேருந்தில் நின்றவாறு செல்லும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. பேருந்து புறப்படும்போது அவன் உடல் பின்னோக்கிச் சாய்கின்றது. ஓட்டுநர் தடையை அழுத்தும்போது முன்னோக்கிச் சாய்கின்றது. காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச் சாலையில் பேருந்து இடப்புறம் திரும்புமாயின், அவன் வலப்புறம் சாய்கின்றான். அவனைப் பின்னே இழுத்தவர் எவர்? முன்னே தள்ளியவர் எவர்? எவரும் இலர். பேருந்து புறப்பட்டபோது தளத்தில் ஊன்றிய கால்கள் அதனோடு சென்றன. உடலோ தான் இருந்த நிலையிலேயே இருக்க முயன்றது. பேருந்து நின்றபோது கால்கள் நின்றன. உடலோ தன் ஓட்டத்தைத் தொடர முயன்றது. திரும்பியபோதும் உடல் நேரே செல்லவே முயன்றது. இவ்வாறு, நிற்கும் பொருள் நிற்கவும், ஓடும் பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடவும் முயலும் இயல்பிற்கு நிலைமம் என்பது பெயர்.

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டது அன்று. கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாயின் அதனை ஒன்று ஓயாது உந்திக்கொண்டிருத்தல் வேண்டும் என்று கருதினார். கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. மாடு நின்றால் வண்டி நிற்கின்றது. கால் ஓய்ந்தால் மிதிவண்டி சிறிது தொலைவு ஓடி நின்றுவிடுகின்றது. ஆதலின், அக்கருத்தை உலகம் பல நூற்றாண்டுகள் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்தது.

இத்தாலி நாட்டுக் கலிலியோ (1564–1642) அதனை ஐயுற்றார். அவர் வழவழப்பான சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டி ஆராய்ந்தார். ஒரு சாய்வில் இறங்கிய உருண்டை, எதிரே உள்ள சாய்வில் ஏறத்தாழ முன்பிருந்த உயரம்வரை ஏறக் கண்டார். எதிர்ச் சாய்வின் சரிவைக் குறைத்தால், அதே உயரத்தை எட்டுவதற்காக உருண்டை மேலும் நெடுந்தொலைவு சென்றது. அங்ஙனமாயின், எதிரே சாய்வே இன்றிச் சமதளமாக அமைந்து, தடுக்கும் உராய்வும் இல்லாது போனால் உருண்டை எங்கே நிற்கும்? எங்கும் நில்லாது என்பதே விடை. வண்டி நிற்பது, உந்துவார் இல்லாமையால் அன்று. உராய்வு என்னும் மறைந்த விசை அதனைத் தடுப்பதனாலேயே என்பது இதனால் விளங்கிற்று.

ஆங்கில நாட்டு ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் இதனை முதல் விதியாக அமைத்தார். புறவிசை ஒன்று தாக்கினாலன்றி, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் நேர்கோட்டில் சீராக ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அதன் கருத்து. இயக்கத்திற்கு விசை வேண்டுவதில்லை. இயக்கத்தை மாற்றுவதற்கே விசை வேண்டும். தொடங்குதல், விரைதல், திரும்புதல், நிற்றல் ஆகிய நான்கும் மாற்றங்களே. 1977-இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் 1 என்னும் விண்கலம், தன்னை முன்னோக்கி உந்தும் பொறி எதுவும் இயங்காமலே, நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் ஞாயிற்றுக் குடும்பத்தின் கோள்களையெல்லாம் கடந்து இன்றும் சென்றுகொண்டிருக்கின்றது. விண்வெளியில் அதனை உராய்ந்து தடுக்கும் காற்றும் இல்லை, தரையும் இல்லை.

இனித் திருவரங்கத்துச் சித்திரைத் தேரை நோக்குக. சித்திரைத் திங்களில் அத்தேர் கோயிலைச் சூழ்ந்த நான்கு சித்திரை வீதிகளிலும் வலம் வருகின்றது. முதல் அசைவே அரிய அசைவாகும். நின்ற தேரின் சக்கரங்கள் தரையில் அழுந்தியிருக்கும். வடம் பிடித்தோர் ஒருசேர இழுக்க, பின்புறத்தில் சன்னை எனப்படும் நெம்புமரத்தைச் சக்கரத்தின் அடியிற் கொடுத்து வலியுடையோர் நெம்புவர். ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னுமாக இழுத்தால் விசை சிதறும்; அனைவரும் ஒரே நொடியில் ஒரே திசையில் இழுத்தால் விசைகள் ஒன்றாகக் கூடும். 'ரங்கா, ரங்கா' என்று எழும் பேரொலி பத்தியின் வெளிப்பாடு மட்டுமன்று. அது பல்லாயிரம் கைகளை ஒரு கையாக்கும் தாளமும் ஆகும்.

விசையால் விளையும் மாற்றத்தின் அளவை நியூட்டனின் இரண்டாம் விதி கூறுகின்றது. கணக்கின் எளிமைக்காக ஒரு தேரின் நிறையை 100 டன் என்றும், ஒரு பேருந்தின் நிறையை 10 டன் என்றும் கொள்க. உராய்வுக்கு ஈடுகொடுத்தது போக, 10,000 நியூட்டன் விசை ஒவ்வொன்றின் மீதும் 5 நொடிகள் செயற்படுவதாக வைத்துக்கொள்க. பேருந்து நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தை அடையும். தேரோ நொடிக்கு அரை மீட்டர் வேகமே அடையும். நிறை பத்து மடங்கானதால் வேகம் பத்தில் ஒன்றாயிற்று. ஆயினும் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் இரண்டிற்கும் ஒரே தொகை வருதலைக் காண்க. இத்தொகைக்கு உந்தம் என்பது பெயர். ஊர்ந்து வரும் தேர், விரைந்து ஓடும் பேருந்தின் உந்தத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு வருகின்றது. கண்ணுக்கு மெல்லச் செல்வதாகத் தோன்றும் பொருளை எளிதாக நிறுத்திவிடலாம் என்று எண்ணுதல் பேதைமையாகும்.

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. வடம் பிடிப்போர் தேரை இழுக்கும் அதே அளவில் தேரும் அவர்களைத் தன்பால் இழுக்கின்றது. அங்ஙனமாயின் இரண்டும் கழிந்து தேர் நகராதிருக்க வேண்டுமே என்று சிலர் வினவுவர். அவ்விரு விசைகளும் ஒரே பொருளின் மீது செயற்படுவன அல்ல. ஒன்று தேரின் மீதும், மற்றொன்று மக்கள் மீதும் செயற்படுகின்றன. ஆதலின் ஒன்றையொன்று கழித்துவிடா. மக்கள் தம் கால்களால் தரையைப் பின்னோக்கி உதைக்கின்றனர். தரை அவர்களை முன்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே அவர்களைத் தேரின் இழுப்பிற்கு எதிராக முன்னேறச் செய்கின்றது. வீதியில் எண்ணெய் கொட்டியிருப்பின் ஆயிரம் பேர் கூடியும் வடத்தை இழுக்க இயலாது; கால்கள் வழுக்கும். சக்கரத்தை எதிர்க்கும் உராய்வே காலுக்குத் துணையாகவும் நிற்கின்றது.

ஓடத் தொடங்கிய தேரை நிறுத்துவது எவ்வாறு? வடத்தை விட்டுவிட்டால் போதாது. இழுப்பு நின்றாலும் உந்தம் நில்லாது. இங்கேதான் முட்டுக்கட்டை இடுவோரின் திறம் வெளிப்படுகின்றது. அவர்கள் சக்கரத்தை ஒட்டியே நடந்து, ஆப்புப் போன்று சரிவாகச் செதுக்கிய கட்டைகளை உருளும் சக்கரத்தின் முன்னே இடுவர். சக்கரம் கட்டையின் மீது ஏறி அழுந்த, கட்டை தரையை உராய்கின்றது. தேரின் இயக்க ஆற்றல் அவ்வுராய்வில் வெப்பமாக மாறுகின்றது.

தேரை ஒரே நொடியில் நிறுத்துவதும் கூடாது. மேலே கணக்கிட்ட தேரை 10 நொடியில் நிறுத்த 5,000 நியூட்டன் விசை போதும். ஒரே நொடியில் நிறுத்த 50,000 நியூட்டன் வேண்டும். நேரம் சுருங்கச் சுருங்க விசை பெருகும். திடீரெனச் சக்கரம் நின்றால், பேருந்தில் நின்ற மாணவன் முன்னே சாய்ந்தது போலத் தேரின் உயர்ந்த மேற்பகுதி முன்னோக்கிச் சாய முயலும். அச்சும் கட்டும் அதிரும். ஆதலின் கைதேர்ந்தோர் சிறிது சிறிதாகவே கட்டை கொடுப்பர். வீதியின் மூலையில் தேர் திரும்புவதும் அவர்கள் கையிலேயே உள்ளது. ஒரு புறத்துச் சக்கரத்திற்குக் கட்டை இட்டால் அப்புறம் தயங்கும், மறுபுறம் முந்தும், தேர் தயங்கிய பக்கமாகத் திரும்பும். உருளும் சக்கரத்திற்கும் தரைக்கும் இடையே கையை நீட்டும் அப்பணியில் சிறு கவனக்குறைவும் உயிருக்குக் கேடாகும்.

இவ்விடரைக் குறைப்பதற்கு இக்காலப் பொறியியல் துணை செய்துள்ளது. ஏறத்தாழ 96 அடி உயரமுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம், இரும்புச் சக்கரங்களையும் நீர்ம அழுத்தத் தடைகளையும் அமைத்துத் தந்தது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவில் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அதனால் சிறிய உருளையில் தரும் சிறு விசை, பெரிய உருளையில் பெருவிசையாக வெளிப்படுகின்றது. தடைகள் வந்தபின்னும் முட்டுக்கட்டைகள் மறையவில்லை. மூலையில் தேரைத் திருப்புதற்கு அவை இன்றும் வேண்டப்படுகின்றன.

இதே நீர்ம அழுத்தமே வானூர்தியின் உறுப்புகள் பலவற்றையும் இயக்குகின்றது. கே.கே. நகரை அடுத்துள்ள திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்திலிருந்து, 2024 அக்டோபர் 11-ஆம் நாள் மாலையில் 140-க்கும் மேற்பட்டோருடன் ஷார்ஜாவிற்கு ஒரு வானூர்தி எழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில் நீர்ம அழுத்த அமைப்பில் பழுது காணப்பட்டது. ஆயினும் வானூர்தி உடனே இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வானில் வட்டமிட்டது. கீழே உறவினர் கலங்கினர். ஆபத்தில் இருக்கும் ஊர்தி ஏன் காலம் தாழ்த்துகின்றது என்று பலரும் திகைத்தனர்.

அத்தாழ்விற்கு விடை இயற்பியலில் உள்ளது. நெடுந்தொலைவு செல்வதற்காக நிரப்பிய எரிபொருள் அப்போது அதன் உள்ளே முழுமையாக இருந்தது. நிறை மிகுந்த வானூர்தி விரைந்து பறந்தே இறங்க வேண்டும். தரையைத் தொடும்போது அதன் உந்தமும் ஆற்றலும் மிகுந்திருக்கும். நிறுத்தும் அமைப்பில் ஐயம் நேர்ந்த வேளையில் அது பேரிடராகும். ஆதலின் வானோடிகள் எரிபொருளைச் செலவிட்டு நிறையைக் குறைத்தனர். பின்னர் வானூர்தி நலமே தரையிறங்கியது. ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. அன்று உயிர்களைக் காத்தது விரைவு அன்று. எப்போது நிற்க வேண்டும், எவ்வாறு நிற்க வேண்டும் என்ற அறிவே ஆகும்.

சாலையில் செல்வோர் அனைவர்க்கும் இவ்வறிவு வேண்டும். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி, தடையை அழுத்தியபின் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்குமாயின், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஏறத்தாழ 20 மீட்டர் ஓடியே நிற்கும். வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். இடரைக் கண்டு தடையை அழுத்துவதற்குள் கழியும் ஒரு நொடியில் ஊர்தி மேலும் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மழையில் நனைந்த சாலையிலோ உராய்வு குறைதலின் தொலைவு இன்னும் நீளும். பேருந்தின் முன்னே ஓடிச் சாலையைக் கடக்கும் சிறுவன், ஓட்டுநர் தன்னைக் கண்டுவிட்டார் என்று தேறுதல் கொள்கின்றான். காண்பவர் ஓட்டுநர், நிற்க வேண்டியதோ பேருந்து. ஓட்டுநரின் நல்லெண்ணத்தால் இயற்கையின் விதி மாறாது.

வடம் பிடிப்போரை ஊர் முழுவதும் காண்கின்றது. சக்கரத்தின் அருகே குனிந்து கட்டை இடுவோரைக் காண்பவர் சிலரே. ஆயினும் தேர் வீதி பிறழாது, எவர்க்கும் ஊறு செய்யாது நிலைசேர்வது இருசாராராலும் ஆகும். இழுக்கும் விசை தேரை ஓடச் செய்கின்றது. தடுக்கும் விசை அவ்வோட்டத்தைப் பயனுடையதாக்குகின்றது. விரைவாக ஓட்டும் திறம் பெற்றோர், தக்க இடத்தில் நிறுத்தும் திறத்தையும் பெறுதல் வேண்டும். நிறுத்த அறியாதான் ஓட்டம், அச்சு முறிந்த தேர் போலத் தனக்கும் பிறர்க்கும் கேடாகவே முடியும்.